முதலில் ஃபேனை நிறுத்துங்கள்: வீட்டுக்குப் போய் வீடியோ பேட்டி எடுக்கிறவர்களுக்கு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. பெரியவருக்கு 70-ஐத் தாண்டிய வயது. ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். 8 வயதில் கோர்வைச் சேலைக்கு (உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து இணைக்கும் சேலை) கரை நாடா போட்டுக் கொடுக்கும் பையனாகத் தறியில் உட்கார்ந்ததில் ஆரம்பித்து, மகன் தறியை விட்டுக் கம்பெனி வேலைக்குப் போன நாள் வரை சொன்னார். நடுவில் ஓர் இடத்தில் அழுதார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் ஒரே ஃபேன் சத்தம். அதற்குள் எங்கேயோ கிணற்றடியிலிருந்து பேசுவதுபோல் அவர் குரல். சட்டையில் குத்திய மைக் வேலையே செய்யவில்லை. எட்டடி தள்ளி நின்ற ஃபோன் தன்னுடைய மைக்கிலேயே எடுத்து வைத்திருக்கிறது. முகத்தின் மேல் மங்கலான கோடுகள் மேலும் கீழும் நகர்கின்றன. 46-வது நிமிடத்தில் யாரோ எனக்கு ஃபோன் செய்திருக்கிறார்கள். அதோடு பதிவும் நின்றுபோயிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போய் நின்றேன். "அதான் அன்னைக்கே எல்லாத்தையும் சொன்னேனே தம்பி" என்று சிரித்தார். மரியாதைக்காக மறுபடி சொன்னார், பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். அழுத இடம் வரவே இல்லை.

அதற்கப்புறம் இருபதுக்கும் மேற்பட்ட பேட்டிகள் எடுத்தாயிற்று. ஒருவரை அவர் வீட்டிலேயே உட்கார வைத்து, ஃபோனிலோ சாதாரண கேமராவிலோ, கூட ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு எடுப்பது எப்படி என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஸ்டுடியோ எனக்குத் தெரியாது.

1. காசை எந்த வரிசையில் செலவழிப்பது

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேமரா விலைதான் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். அதைக் கடைசியில் வையுங்கள். நாலைந்து வருடத்துக்குள் வாங்கிய ஓரளவு நல்ல ஃபோன் இருந்தால் அதுவே போதும். படம் சுமாராக இருந்தாலும் ஜனங்கள் பார்ப்பார்கள். பேச்சு புரியவில்லை என்றால் அரை நிமிடத்தில் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் முதலில் மைக், அதைக் கேட்டுப் பார்க்க வயர் ஹெட்ஃபோன், பிறகு ட்ரைபாட், பிறகு விளக்கு, எல்லாம் முடிந்த பிறகு கேமரா.

என் முதல் பை, நான் கொடுத்த விலையில் (உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும்):

வயர் காலர் மைக் ஒன்று 1,000 ரூபாய். காதை மூடும் வயர் ஹெட்ஃபோன் 600. ட்ரைபாட் 1,800. ஃபோனை அதில் பிடிக்கும் கிளிப் 400. ஒரு அங்குலத் தடிமன் தெர்மாகோல் பலகை 2, சேர்த்து 150. கறுப்புத் துணி 3 மீட்டர் 250. துணி கிளிப், ஒட்டு டேப் வகையறா 300. ஆக 4,500. விளக்கு இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் இவ்வளவை வைத்தே ஏழு பேட்டி எடுத்தேன். அந்த ஏழில் இரண்டு இன்றைக்கும் எனக்குப் பிடித்தவை.

விளக்கை உடனே வாங்காதீர்கள், வாடகைக்கு எடுத்துப் பழகுங்கள். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்கு விடுகிறவர்கள் நிறைய. சில்லறை வயர், கனெக்டர், அடாப்டர் எல்லாவற்றுக்கும் ரிச்சி தெரு. வாடகைக் கடையில் ஆதார் நகலும் முன்பணமும் கேட்பார்கள். ஆதார் நகலின் குறுக்கே எந்தக் கடைக்கு, எந்தத் தேதியில், எதற்காகக் கொடுத்தது என்று எழுதிக் கொடுங்கள். ஒரு நாள் வாடகை என்றால் 24 மணி நேரமா, இரவு கடை மூடுவதற்குள் திருப்ப வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பொருளை எடுக்கும்போது கீறல், உடைசல் எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னாலேயே ஃபோனில் படம் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த ஒரு ஸ்டாண்டுக்கு நான் 900 ரூபாய் அழுதேன்.

2. முந்தின நாளே போய்ப் பாருங்கள்

பேட்டி எடுக்கப் போகும் அதே நேரத்துக்குப் போங்கள். காலை 10 மணிக்கு எடுக்கப் போகிறீர்கள் என்றால் சாயங்காலம் போய்ப் பார்த்துப் பயனில்லை. எந்த அறை என்று பார்த்து, அங்கே பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். அதுவரை காதில் விழாததெல்லாம் விழும்: பக்கத்து வீட்டு மோட்டார், குக்கர் விசில், மாடியில் துணி துவைப்பது, தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவரின் ஒலிபெருக்கி, பள்ளிக்கூட மணி.

நெசவாளர் தெருவில் இவர் தறியை நிறுத்தினால் போதாது, எதிர்வீட்டுத் தறியும் ஓடும். கைத்தறியின் டக், டக் கொஞ்சம் தள்ளிக் கேட்டால் அழகுதான். பக்கத்திலேயே விசைத்தறி ஓடினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், வேறு உறவினர் வீடு கேளுங்கள். எந்த நாளில் தெருவில் தறி ஓடாது என்பதை அந்தத் தெருக்காரர்கள்தான் சொல்வார்கள்.

மாதமும் பார்க்க வேண்டும். ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் ஒலிபெருக்கி. மார்கழியில் விடியற்காலையே தொடங்கிவிடும். முகூர்த்த நாளில் மண்டபத்துக்குப் பக்கத்து வீடு வேண்டவே வேண்டாம். தொல்லை சத்தத்தோடு முடிவதில்லை. பின்னணியில் சினிமாப் பாட்டு தெளிவாகக் கேட்டால், யூடியூபில் ஏற்றியதும் அந்தப் பாட்டின் உரிமையாளர் பெயரில் காப்பிரைட் கோரிக்கை வரும். நாம் எடுத்த பேட்டியில் வருமானம் அவருக்குப் போகும், அல்லது அந்தப் பகுதியை ஊமையாக்க வேண்டியிருக்கும். டீக்கடை ரேடியோவுக்கும் இது பொருந்தும்.

அன்றைக்கே பிளக் பாயின்ட்டும் பாருங்கள். பழைய வீடுகளில் இரண்டு துளை பிளக் மட்டுமே இருக்கும், அல்லது செருகினால் நிற்காமல் ஆடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், டெஸ்டர் இரண்டும் பையில் இருக்கட்டும்.

3. காகிதங்கள்

சம்மதக் கடிதம் தமிழில், ஒரே பக்கத்தில், இரண்டு பிரதி. பெயர், தேதி, இடம், எதற்காக எடுக்கிறோம், எங்கெல்லாம் போடுவோம், பணம் கொடுக்கிறோமா, பிறகு எதையாவது நீக்கச் சொன்னால் என்ன செய்வோம் என்பவை அதில் இருந்தால் போதும். வக்கீல் தமிழ் வேண்டாம். வாய்விட்டு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கைரேகை, பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து. ஒரு பிரதி அவர்களுக்கு.

எப்போது வாங்குவது என்பதில் நான் தடுமாறியிருக்கிறேன். பேட்டி முடிந்து எல்லாரும் காபி குடிக்கும்போது கேட்டால் சங்கடப்பட்டே கையெழுத்துப் போடுவார்கள். வந்ததும் நீட்டினால் பயந்துபோவார்கள். முந்தின நாள் பார்க்கப் போகும்போது கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் காட்டிக் கேட்டு வைத்திருப்பார்கள், மறுநாள் பேச்சு சுலபமாக முடியும். பதிவு தொடங்கியதும், பெயரும் சம்மதமும் கேமரா முன்னாலும் ஒருமுறை சொல்லட்டும்.

தறியை நிறுத்திவிட்டு உட்காருகிறவருக்கு அரை நாள் கூலி போகிறது. அதை நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும். முன்பே பேசிவிடுங்கள், உறையில் போட்டுக் கொடுங்கள்.

பழைய குடும்பப் படங்களைக் காட்ட வேண்டுமென்றால் அதற்கும் கடிதத்தில் ஒரு வரி. கோயில் காட்சி சேர்க்கலாம் என்று நினைத்தால், காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் மத்தியத் தொல்லியல் துறை வசம் இருக்கிறது. ட்ரைபாட் விரிக்க முன் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்ஃபோனுக்கே தடை போடச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கோபுரத்தைத் தெருவிலிருந்து எடுப்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

4. அறையை அடக்குவது

அறைக்கு நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய சத்தத்துக்குப் பின்னால் ஒரு வால் நீண்டால் அந்த அறையில் குரலும் அப்படித்தான் எதிரொலிக்கும். டைல்ஸ் தரையும் சிமென்ட் சுவரும் உள்ள புது வீட்டுக் கூடம்தான் மோசம். பீரோ, கட்டில், துணி அடுக்கிய உள் அறை எவ்வளவோ தேவலை. தரையில் பவானி ஜமக்காளம் ஒன்றை மடிக்காமல் விரித்து, கேமராவுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் கம்பளியோ மெத்தையோ சாய்த்து வைத்தால் பாதி குறைந்துவிடும். படத்தில் தெரியாத பக்கத்தில் எதை வேண்டுமானாலும் குவியுங்கள்.

பிறகு ஃபேன். நிறுத்தத்தான் வேண்டும். "லேசா ஓடட்டுமே, சத்தமே இல்லையே" என்பார்கள். காது அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது, மைக் பழகவில்லை. மேலே ட்யூப்லைட்டும் அதற்குக் கீழே ஃபேனும் இருந்தால் இறக்கையின் நிழல் முகத்தில் படபடக்கும், அது வேறு. ஆனால் சித்திரை வெயிலில் 70 வயதுக்காரரை ஃபேன் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார வைப்பது பாவம். 12 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் ஃபேனும் தண்ணீரும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முன்பே சொல்லிவிட்டால் அவர்களும் கதையை அதற்கேற்ப நிறுத்துவார்கள்.

ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். நிறுத்திய கையோடு உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வையுங்கள். மறுபடி போடாமல் கிளம்ப முடியாது. ஒருமுறை மறந்து கிளம்பி, மறுநாள் ஒரு அம்மா பாலெல்லாம் திரிந்துபோனதாகச் சொன்னதிலிருந்து இது என் பழக்கம். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள், இல்லாவிட்டால் வெட்டி ஒட்டும்போது டிக் டிக் தாளம் தப்பும். இன்வெர்ட்டர் இருக்கும் அறை வேண்டாம்.

நாற்காலி: பிளாஸ்டிக் என்றால் அசையும்போதெல்லாம் முனகும். சுழல் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஆடிக்கொண்டே பேசுவார். கை வைத்த மர நாற்காலி நல்லது.

5. மைக்

இங்கேதான் நான் அதிகம் அடிபட்டது, அதனால் இங்கேதான் அதிகம் எழுதப் போகிறேன்.

வயர் காலர் மைக் வாங்கினால் அதன் முனையில் உள்ள, செருகும் பின்னைப் பாருங்கள். உலோகத்தின் மேல் கறுப்பு வளையம் 3 இருந்தால் ஃபோனுக்கு, 2 இருந்தால் கேமராவுக்கு. சில மைக்கில் வயரின் நடுவே ஒரு சிறு பெட்டி, அதில் ஃபோன், கேமரா என்று மாற்றும் சுவிட்ச் இருக்கும். என் முதல் பேட்டியைத் தின்றது இந்தச் சுவிட்ச்தான். கேமரா பக்கம் தள்ளியிருந்தது, நான் கவனிக்கவில்லை. ஃபோனில் சார்ஜர் துளை மட்டும் இருந்தால் அடாப்டர் வேண்டும். பாட்டு கேட்க உதவும் அடாப்டர்கள் சில மைக்கை உள்ளே விடாது, கடையிலேயே பதிவு செய்து கேட்டுவிட்டு வாங்குங்கள். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அதன் தலையை விரலால் லேசாகச் சுரண்டுங்கள். பதிவில் அந்தச் சுரண்டல் பெரிதாகக் கேட்டால் அதுதான் எடுக்கிறது. அப்படிக் கேட்காவிட்டால் ஃபோனின் சொந்த மைக்தான் ஓடுகிறது.

வயர்லெஸ் வாங்குவதானால் உடம்பில் மாட்டும் பெட்டிக்குள்ளேயே தனியாகப் பதிவு செய்துகொள்ளும் மாடலாகப் பாருங்கள். விலை கூட, ஆனால் இணைப்பு விட்டு விட்டு வந்தாலும் பேச்சு தப்பிக்கும். பெட்டிக்கும் ஃபோனிலோ கேமராவிலோ செருகும் ரிசீவருக்கும் நடுவே ஆள் உடம்பு வந்தால் இணைப்பு அறுபடுவது சகஜம். இடுப்பில் முதுகுப் பக்கம் செருகாதீர்கள்.

எங்கே குத்துவது? தாடைக்கு ஒரு சாண் கீழே. சட்டை போட்டவர் என்றால் பட்டன் பட்டியில் சுலபம். வெறும் வேட்டி துண்டோடு இருப்பவர் தோளில் துண்டு போட்டிருந்தால் அதில் குத்தாதீர்கள், பேசும்போது ஒவ்வொரு தடவையும் இழுத்து விட்டுக்கொள்வார். அவருக்கு மட்டும் மைக்கை ஒரு கோலில் கட்டித் தலைக்கு மேல், படச் சட்டத்துக்கு வெளியே தொங்கவிடுங்கள்.

சேலை கட்டியவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை தேவை. முந்தானையின் மேல் குத்தினால் பட்டு சரசரக்கும். ரவிக்கைக் கழுத்தோரம் நல்ல இடம், ஆனால் தாலிச் சரடும் சங்கிலியும் மைக்கில் உரசும். சரடை உள்ளே போட்டுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள், கழற்றச் சொல்லிவிடாதீர்கள். நாம் குத்தக் கூடாது, அந்த வீட்டுப் பெண் யாரையாவது குத்திவிடச் சொல்ல வேண்டும். கண்ணாடி வளையல் போட்டவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினால் கலகலவென்று வரும். ஒரு ஆயா, நான் கேட்பதற்கு முன்பே, "இதானே உனக்குத் தொந்தரவு" என்று ரப்பர் பேண்டு எடுத்து வளையல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். இப்போது பையில் ரப்பர் பேண்டும் இருக்கிறது.

ஒலி அளவு: தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் அவர் மூச்சு விடும் இடைவெளியில் தெருச் சத்தத்தையெல்லாம் தூக்கிக் கொண்டுவரும். சாதாரணமாகப் பேசும்போது மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும், சைபர்தான் அதன் கடைசி எல்லை. சைபரைத் தொட்டால் உடைந்துவிடும், உடைந்ததை எந்த மென்பொருளும் முழுசாக ஒட்டாது. சோதனைக்கு "1, 2, 3" சொல்லச் சொல்லாதீர்கள், மெல்லிய குரலில் சொல்லுவார்கள். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். பேச்சு சூடு பிடித்ததும் குரல் இன்னும் ஏறும் என்று கொஞ்சம் இடம் விடுங்கள். ஒலிப்பதிவு 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும்.

ஹெட்ஃபோன் வயர் உள்ளதுதான் வேண்டும். புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும், சிலசமயம் ஃபோன் அந்த ஹெட்ஃபோனின் மைக்குக்கே தாவிவிடும். பேட்டி முழுக்கக் காதில் இருக்க வேண்டும். கேள்வி கேட்கிறவர் மாட்டிக்கொண்டால் எதிரே இருப்பவருக்கு உறுத்தும், ஆகவே கூட வந்தவர் காதில். மைக்கைத் தனி ரெக்கார்டரில் பதிந்தால் தொடக்கத்தில் கேமரா முன்னால் ஒரு கைதட்டு. பிறகு பொருத்துவதற்கு அதுதான் அடையாளம்.

6. வெளிச்சம்

அறையில் உள்ள ட்யூப்லைட், பல்ப் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஜன்னல் வெளிச்சம் நீலச் சாயல், பழைய பல்ப் மஞ்சள், சில ட்யூப்லைட் பச்சை. மூன்றும் ஒரே முகத்தில் விழுந்தால் நோயாளிபோல் இருக்கும்.

ஜன்னல் மட்டும் என்றால், வடக்குப் பார்த்த ஜன்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலான மாதங்களில் வெயில் நேராக விழாது, இரண்டு மணி நேரம் ஒரே மாதிரி இருக்கும். கிழக்குப் பார்த்ததில் காலையில் வெயில் உள்ளே பாயும். அப்போது வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலில் கிளிப் போட்டுக் கட்டுங்கள். நாலு முழம் போதும், சலவைக்குப் போட்டுக் கஞ்சி ஏறாத மெல்லிய வேட்டி. வெளிச்சத்தைப் பரப்பி மிருதுவாக்க, கடையில் விற்கும் டிஃப்யூஷன் துணி செய்யும் வேலையை இது செய்கிறது. ஆளை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்காதீர்கள், கறுப்பு நிழல்தான் கிடைக்கும். ஜன்னல் அவருக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் முன்னால் இருக்கட்டும். முகத்தின் மறுபக்கம் ரொம்ப இருண்டால் அந்தப் பக்கம் தெர்மாகோல் பலகையைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்துங்கள். அறை முழுக்க வெள்ளைச் சுவர் என்றால் நேர் எதிர்ப் பிரச்சினை: வெளிச்சம் எல்லாப் பக்கமும் தெறித்து முகம் தட்டையாகிவிடும். அப்போது அதே இடத்தில் கறுப்புத் துணி.

விளக்கு என்றால் 60 வாட் எல்.இ.டி. ஒன்றும் அதன் முன் மாட்டும் வெள்ளைத் துணிக் கூண்டான சாஃப்ட்பாக்ஸ் ஒன்றும் போதும். வாங்கும்போது சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண்) 95-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள், குறைந்தால் தோல் செத்த நிறம் காட்டும். விளக்கு பெரிதாகவும் பக்கமாகவும் இருக்க இருக்க நிழல் மிருதுவாகும். "கண்ணு கூசுது" என்றதும் எல்லாரும் விளக்கைத் தள்ளி வைப்பார்கள். அப்படிச் செய்யாமல் வெளிச்சத்தைக் குறையுங்கள், இடம் மாற்றாதீர்கள். இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் வெளிச்சம் கால் பங்காகக் குறையும், நிழலும் கூர்மையாகிவிடும். நான் முகத்திலிருந்து நாலடியில், கண்ணுக்குச் சற்று மேலே வைக்கிறேன்.

எந்தப் பக்கம் வைப்பது என்று நெடுநாள் குழம்பினேன். இந்த வரிசையை நினைவில் வையுங்கள்: கேமரா, பக்கத்தில் நீங்கள், உங்களுக்கு அப்பால் விளக்கு. அவர் உங்களைப் பார்த்துப் பேசும்போது முகம் விளக்குப் பக்கம் திரும்பும், நிழல் பாதி கேமராப் பக்கம் வரும். முகத்துக்கு ஒரு கனம் கிடைக்கும். விளக்கை உங்களுக்கு எதிர்ப்பக்கம் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

நம் நிறத்துக்கு ஒரு வார்த்தை. வெள்ளைச் சுவரின் முன் மாநிறமோ கறுப்போ உள்ளவரை உட்கார வைத்தால், தானியங்கி கேமரா சுவரைப் பார்த்துப் பயந்து முகத்தை இருட்டாக்கும். அதற்காக அவர் நிறத்தையே வெளுக்கும் அளவு விளக்கைக் கூட்டாதீர்கள். நீலம் பூசிய சுவர், மரக்கதவு, தறிச் சட்டம் என்று பின்னணியை மாற்றுங்கள். ஆளைச் சுவரிலிருந்து ஆறு, ஏழடி முன்னுக்கு இழுங்கள். கேமராவின் வெளிச்ச அளவை முகத்துக்கு வையுங்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டிதான் பெரியவர்களின் நல்ல உடை. அது வெளுத்துப்போகாமல் இருக்க சாஃப்ட்பாக்ஸைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பி, ஓரத்து வெளிச்சம் மட்டும் மார்பில் விழச் செய்யலாம். நெற்றி மினுமினுத்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள், திருநீறு போய்விடும்.

கண்ணாடி போட்டவருக்கு லென்ஸில் வெள்ளைச் சதுரம் தெரிந்தால் விளக்கை இன்னும் உயர்த்திப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கண்ணாடியின் காதுப் பகுதியைத் துளி மேலே தூக்கிவிட்டாலும் மறையும்.

7. கேமரா

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஃபோன்களோ பெரும்பாலும் நொடிக்கு 30 சட்டம் (அதாவது 30 தனிப் படங்கள், ஃப்ரேம்) என்று வரும். என் முதல் பேட்டியில் ஓடிய கோடுகள் அதனால்தான். நொடிக்கு 25 சட்டம், ஷட்டர் (ஒவ்வொரு சட்டத்துக்கும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 நொடி, இரண்டையும் பூட்டிவிடுங்கள். ஃபோனின் சொந்த கேமராவில் இது முடியாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலி இலவசம், ஒலி அளவும் அதில் தெரியும். மலிவு எல்.இ.டி. பல்ப் துடிக்கிறதா என்று பார்க்க ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள்.

ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயல்), ஃபோகஸ் (கூர்மை), எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) எல்லாம் பூட்டு. ஜன்னல் வெளிச்சமோ பகல் நிற விளக்கோ என்றால் ஒயிட் பேலன்ஸ் 5600 கெல்வின். லென்ஸ் அவர் கண் மட்டத்தில் இருக்கட்டும். அவர் தரையில் பாயில் உட்கார்ந்தால் ட்ரைபாடும் நீங்களும் கீழே இறங்க வேண்டும். ஃபோனில் 2x லென்ஸ் வைத்துக் கொஞ்சம் பின்னால் போங்கள், பக்கத்தில் நெருங்கி எடுத்தால் மூக்கு பெரிதாகும். அவர் பார்க்கும் பக்கம் காலி இடம் விடுங்கள்.

ஏரோப்ளேன் மோட். மறக்காதீர்கள்.

4கே-யில் (ஃபுல் எச்.டி.யைவிட நாலு மடங்கு புள்ளிகள் கொண்ட படம்) எடுத்தால் பிறகு வெட்டிப் பெரிதாக்கி, ஒரே கேமராவில் இரண்டு கேமராபோல் காட்டலாம். ஃபோனைப் பொறுத்து மணிக்கு 10 ஜி.பி.யோ அதற்கு மேலோ ஆகும், கேமராவில் 100 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 100 மெகாபிட்) என்றால் 45 ஜி.பி. பழைய கேமராக்கள் சில 29 நிமிடம் 59 நொடியில் தானே நின்றுவிடும். ஃபோன் சார்ஜ் ஏறிக்கொண்டே 4கே எடுத்தால் வெயில் காலத்தில் சூடாகி நிற்கும். முழு சார்ஜோடு போய், ஃபேன் இடைவேளையில் மட்டும் போடுங்கள்.

8. நேரக் கணக்கு

எல்லாம் விரித்துப் பொருத்த எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நேரமும் பெரியவரை நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். கூட வந்தவரை உட்கார வைத்து விளக்கு, சட்டம் எல்லாம் சரி செய்துகொண்டு, கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான் அவரை அழைக்க வேண்டும். மைக் குத்தியதும் பதிவை ஓட விட்டுவிடுங்கள். "சரி, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டால் குரல் மாறிவிடும், மேடைத் தமிழ் வந்துவிடும். மகளைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசிக்கொண்டே கதைக்குள் போங்கள்.

உங்கள் கேள்வி வெட்டப்படும் என்பதால், பதிலைக் கேள்வியோடு சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். "எந்த ஊரில் பிறந்தீங்க?" என்றால் "காஞ்சிபுரம்" என்று மட்டும் வரும். "நீங்க பிறந்த கதையைச் சொல்லுங்க" என்றால் வாக்கியமாக வரும். அவர் பேசும்போது "ம்", "ஆமாங்க" சொல்லாதீர்கள், தலையை மட்டும் ஆட்டுங்கள். நம்மவர்களுக்கு இதுதான் கஷ்டம். உம் கொட்டாவிட்டால் கேட்கவில்லை என்று எண்ணிக் கதையை நிறுத்திவிடுவார்கள். தொடங்கும் முன்பே காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

லாரி போனால் அது போகும்வரை காத்திருந்து, அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மறுபடி கேளுங்கள். அழும் நேரத்தில் எந்தச் சத்தம் வந்தாலும் நிறுத்தாதீர்கள்.

9. கிளம்பும் முன்

எல்லாரையும் அப்படியே உட்கார வைத்து 30 நொடி மௌனத்தைப் பதியுங்கள். வெட்டிய இடங்களில் நிரப்ப அந்த அறையின் வெறும் சத்தம் வேண்டும். குழந்தைகள் சிரிப்பார்கள், மறுபடி எடுங்கள். பிறகு கைகள், தறி, நாடா ஓடுவது, சுவரில் உள்ள படங்கள் என்று பத்துப் பன்னிரண்டு துண்டுகள், ஒவ்வொன்றும் குறைந்தது 10 நொடி. கண்ணாடிச் சட்டமிட்ட படத்தில் உங்கள் முகம் தெரிந்தால் கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நின்று எடுங்கள். தறி ஓடும் சத்தத்தைத் தனியாக ஒரு நிமிடம் பதியுங்கள்.

"எதையாவது வெட்டட்டுமாங்க?" என்று கேளுங்கள். முதலாளியைப் பற்றி, கூலி பாக்கியைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார்கள், ராத்திரி நினைத்துப் பார்த்துப் பயப்படுவார்கள். அப்போதே நேரத்தைக் குறித்துக்கொண்டு, சொன்னபடி வெட்டிவிடுங்கள்.

அங்கேயே ஹெட்ஃபோனில் முதல், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் ஒவ்வொரு நிமிடம் போட்டுக் கேளுங்கள். அப்புறம் ஃப்ரிட்ஜ், சாவி.

10. வீட்டுக்கு வந்ததும்

சாப்பிடும் முன் இரண்டு தனித்தனி டிஸ்க்கில் நகல். இரண்டிலும் திறந்து பார்க்கும்வரை கார்டை அழிக்காதீர்கள். தேதி, ஊர், பெயர் போட்டு கோப்புறை.

வெட்டி முடித்ததும் அந்த வீட்டுக்கு ஒரு பிரதி போக வேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கி மங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். பெரியவர்களுக்குப் பென் டிரைவ்தான் சரி. ஆனால் ஃபோன் பதியும் எச்.இ.வி.சி. என்ற புது வகைக் கோப்பைப் பழைய டி.வி. பல எடுக்காது, எச்.264 என்ற பழைய வகையில், 1080 அளவில் மாற்றிப் போட்டு, அவர்கள் வீட்டு டி.வி.யிலேயே செருகி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.